சரக்கு லாரியின் டீசல் செலவும் அதைக் குறைக்கும் வழிகளும்

குடியானவர் விதையை அளந்து விதைக்கிறார். எருவை வண்டிக்கணக்கில் இடுகிறார். கூலியாட்களுக்கு நாட்கணக்கு வைக்கிறார். ஆனால் விளைந்த காய்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் லாரி எத்தனை லிட்டர் டீசலைக் குடிக்கிறது என்பதை மட்டும் அவர் கவனிப்பதில்லை. “வண்டிச் செலவு” என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார். வண்டி வாடகை வண்டியாயினும் சொந்த வண்டியாயினும், அச்செலவு விளைபொருளின் கிரயத்திலிருந்தே கழிகிறது. தக்காளி விலை வீழ்ந்துகிடக்கும் மாதங்களில், பறிக்கும் கூலியும் வண்டிச் செலவும் போக மிச்சம் இல்லையென்று காயைச் செடியிலேயே விட்டுவிடும் பரிதாபத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. அக்காலத்தில் சென்னை மாகாணத்துப் பஸ்கள் பல, ஓர் உலையைச் சுமந்துகொண்டு, கரியிலிருந்து கிடைக்கும் வாயுவினால் ஓடின. கரி மூட்டை கண்ணெதிரே இருந்தமையால், அது குறைவதும் கண்ணுக்குத் தெரிந்தது. இக்காலத்து டீசலோ மூடிய டாங்க்கிற்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் குறைவதை அளவினாலன்றி அறிய இயலாது. இதுவே இவ்வியாசத்தின் சாரம்.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒட்டன்சத்திரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் காய்கறி பயிரிடும் குடியானவர் சிலர் கூட்டாக ஓர் ஆறு சக்கர லாரியை வாங்கி, சென்னைக் கோயம்பேடு சந்தைக்குத் தக்காளியும் கத்தரியும் அனுப்பி வந்தனர். போக வர ஒரு நடைக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். தொடக்கத்தில் ஒரு நடைக்குச் சுமார் 180 லிட்டர் டீசல் போதுமானதாக இருந்தது. நாளடைவில் அது 214 லிட்டராக உயர்ந்தது. அதாவது, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடிய வண்டி 4.2 கிலோமீட்டரே ஓடியது.

கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டபோது எல்லோருடைய கண்களும் டிரைவரின்மேல் விழுந்தன. வழியில் டீசலை இறக்கி விற்கிறார் என்று ஒருவர் சொன்னார், மற்றவர் மறுக்கவில்லை. அன்று அங்கிருந்த நானும் மறுக்கவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகமே உண்டாயிற்று. டிரைவர் எழுந்து, “ஐயா, நான் எடுத்திருந்தால் என் கையைப் பார்த்துச் சொல்லுங்கள், வண்டியைப் பார்க்காமல் சொல்லாதீர்கள்” என்று மட்டும் சொல்லிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டார்.

அச்சொல் என்னை உறுத்தியது. ஒரு வயலில் விளைச்சல் குறைந்தால், மண்ணையும் நீரையும் பாராமல் ஆளைக் குறை கூறுவது எங்கள் தொழிலுக்கு அழகன்று. ஆதலின் மூன்று நடைக்கு அளந்து பார்த்தபின் முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். கூட்டத்தாரும் இசைந்து, அம்மூன்று நடைக்கும் தம்முள் ஒருவரை வண்டியிலேயே அனுப்பினர். டிரைவரும் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். டாங்க்கின் மூடி உடன் சென்றவரின் பார்வையை விட்டு அகலவில்லை. மூன்று நடையிலும் சராசரி 213 லிட்டர் செலவாயிற்று. டீசலைக் குடித்தது வண்டியே என்பது தெளிவாயிற்று.

பட்டறையில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைக் கையால் சுழற்றியபோது, பின்புறத்து இடது சக்கரம் சுழலவில்லை. பிரேக் லைனிங் டிரம்மைவிட்டு விலகாமல் எந்நேரமும் உரசிக்கொண்டிருந்தது. ஜோடி டயர்களில் உட்புறத்தவை இரண்டில் காற்று வெகுவாகக் குறைந்திருந்தது. காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டிருந்தது. இம்மூன்றையும் சரிசெய்தபின் ஒரு நடைக்கு 178 லிட்டர் ஆயிற்று. பிறகு ஓட்டும் முறையிலும், சரக்கு ஏற்றும் முறையிலும், புறப்படும் நேரத்திலும் திருத்தம் செய்ததில் அது 164 லிட்டருக்கு இறங்கிற்று. நடைக்கு 50 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், நடைக்கு ரூ. 4,500, மாதம் 8 நடைக்கு ரூ. 36,000.

டீசல் எங்கே போகிறது?

எஞ்சினில் எரியும் டீசலின் சக்தியில் பாதிக்கு மேற்பட்டது வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் கழிந்துவிடுகிறது. அதை நாம் பெரிதும் மாற்ற இயலாது. எஞ்சிய பகுதி நான்கு வேலைகளுக்குச் செலவாகிறது. முதலாவது, எதிர்க்காற்றைப் பிளந்து செல்லுதல். இரண்டாவது, பாரத்தினால் நசுங்கும் டயர்களை உருட்டுதல். மூன்றாவது, மேட்டில் ஏறுவதற்கும் நின்ற வண்டியை வேகப்படுத்துவதற்கும் ஆகும் சக்தி. பிரேக்கை மிதிக்கும்போது இது வெப்பமாகிப் பாழாகிறது. நான்காவது, பேரிங், கியர் முதலியவற்றின் உராய்வு. இந்த நான்கில் எதைக் குறைத்தாலும் டீசல் மிச்சப்படும்.

முதற் காரியம்: அளத்தல்

லாரி வைத்திருப்போர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் டாங்க்கை முழுதும் நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்க. நடை முடிந்து வந்தவுடன் அதே பம்பில், வண்டியை அதே சமதரையில் நிறுத்தி, முன் நிரப்பிய அதே மட்டத்திற்கு நிரப்புக. இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரோடு, வழியில் ஏதேனும் ஊற்றியிருந்தால் அதையும் கூட்டிக்கொள்க. ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் வருவதே வண்டியின் மைலேஜ். தேதி, பாரம், சென்ற ஊர், மழையோ எதிர்க்காற்றோ இருந்ததா என்பனவற்றையும் எழுதுக. ஒரு நடையைக் கொண்டு முடிவு கட்டலாகாது. மூன்று நடையின் சராசரியே நம்பத்தக்கது. ஒரு சமயத்தில் ஒரு மாறுதலையே செய்து பார்க்க வேண்டும். இரண்டு உரங்களை ஒரே வயலில் ஒன்றாக இட்டால் எது பலன் தந்தது என்று அறிய இயலாதன்றோ?

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

1. டயர்க் காற்று: வாரம் ஒருமுறையேனும், ஓடிச் சூடேறுவதற்கு முன், அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டும். உதைத்துப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் அளவாகா. ஜோடி டயரில் உட்புறத்து டயரைக் கைக்கு எட்டவில்லையென்று விட்டுவிடுவது பொதுவான பிழை. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நசுங்கிச் சூடேறுகிறது; டீசலும் போகிறது, டயரும் வெடிக்கிறது. வண்டி செய்தவர் குறித்த அளவுக்குமேல் காற்றடிப்பதும் தவறு. அதனால் பிடிப்புக் குறைந்து, பிரேக் போடும்போது வண்டி வழுக்கும்.

2. பிரேக்: ஒவ்வொரு நடை முடிவிலும் சக்கரத்தின் நடுக்குடத்தருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவும், தொடவேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாயிருந்தால் அங்கே பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. கட்டை வண்டியின் அச்சுக்கு மை போடாவிட்டால் மாடு நுரை தள்ளும். லாரி நுரை தள்ளுவதில்லை; டீசலைக் குடிக்கிறது.

3. காற்று வடிகட்டி: அறுவடைக் காலத்தில் மண்சாலையில் ஓடும் வண்டிக்கு இது விரைவில் அடைபடும். போதிய காற்றில்லாமல் எரியும் டீசல் கரும்புகையாக வெளிவரும். புகை தெரிந்தால் பணம் புகைகிறது என்று அறிக.

4. சக்கர நேர்மை: முன் டயர் ஒருபக்கமாகவே தேய்ந்தால் சக்கரங்கள் நேரே உருளாமல் சாலையைச் சுரண்டிக்கொண்டு செல்கின்றன என்பது பொருள். பின் அச்சு கோணலாயிருந்தாலும் இக்குற்றம் உண்டாகும்.

5. டயர் மாற்றும் காலம் வரும்போது, பழைய நைலான் டயருக்குப் பதிலாக ரேடியல் டயரைப் பற்றி விசாரித்தறியலாம். இது எளிதில் உருளும்; விலை சிறிது கூடுதல். ஒரே அச்சில் இருவகையையும் கலந்து போடலாகாது.

காற்றின் தடை

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக உயர்த்தினால், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ 1.78 மடங்காகிறது. சரக்கு வண்டிகளுக்கு 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி பொருத்தப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டருக்கு அமைக்கப்படுகிறது. அஃது உச்ச வரம்பேயன்றி, அந்த வேகத்திலேயே ஓட்ட வேண்டும் என்னும் கட்டளையன்று. 1978-இல் அமைந்த இந்தியப் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வரையுள்ள வேகத்தைச் சிக்கனமானதெனக் கூறிவந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் 55, 60-க்குள் ஒரே சீராக ஓட்டுவது நம் லாரிகளுக்குப் பொருந்தும்.

வண்டியின் உருவத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் காலிபோர்னியாவின் பாலைவனத்திலுள்ள விண்வெளி இலாகா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த எட்வின் சால்ட்ஸ்மன் என்பவர், சைக்கிளில் செல்லும்போது பெரிய லாரிகள் தம்மை முதலில் தள்ளுவதையும், கடந்தபின் தம்பக்கம் இழுப்பதையும் உணர்ந்தார். அக்காற்றைத் தள்ளுவதற்கு லாரி எவ்வளவு எண்ணெய் செலவிடுகிறது என்னும் கேள்வி அவருக்கு உதித்தது. 1973-இல் தொடங்கிய சோதனைகளில், ஒரு வேன் வண்டியை அலுமினியத் தகட்டால் சதுரப் பெட்டிபோல் மூடி ஓட்டி அளந்தனர்; பின்னர் அதன் முனைகளை வளைவாக்கி அளந்தனர். முனைகளை உருட்டுவதொன்றினாலேயே எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது கண்டனர். இன்று பெரிய லாரிகளின் கேபின்மேல் காணப்படும் சரிவான தகடு இத்தகைய ஆராய்ச்சிகளின் பலனேயாகும்.

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுவோர் பலர் உளர். புதிதாகப் பாடி கட்டும்போது முன்பக்கத்து முனைகளை வளைவாகச் செய்யும்படி அவர்களைக் கேட்கலாம். கேபின்மேல் சரிவுத் தகடு வைக்க விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்தபின் வைக்கவும். செலவில்லாத மாறுதல்கள் மூன்று உண்டு. சரக்கு இல்லாத வேளையில் கேபின்மேல் கூடை, கயிறு, படுக்கை முதலியவற்றைக் குவிக்காதிருத்தல். பெட்டிகளை எங்கும் ஒரே உயரமாக, கூடியவரையில் கேபினின் உயரத்தை மீறாமல் அடுக்குதல். தார்ப்பாயைப் படபடக்கவிடாமல் இழுத்துக் கட்டுதல். படபடக்கும் தார்ப்பாய் காற்றை வாரிக்கொள்ளும் முறம் போன்றது.

ஓட்டும் முறை

தாற்றுக்கோலால் மாட்டைக் குத்தி ஓடவிட்டு, உடனே மூக்கணாங்கயிற்றைப் பிடித்திழுக்கும் வண்டிக்காரனை நாம் கடிந்துகொள்வோம். ஆக்சிலேட்டரை அமுக்கி உடனே பிரேக்கை மிதிப்பவரும் அதையே செய்கிறார். ஆகவே டிரைவர்கள் பின்வருவனவற்றை வழக்கமாக்கிக்கொள்வது நலம்.

முன்னால் உள்ள சாலையை நெடுந்தூரம் நோக்குக. சுங்கச்சாவடியோ, வேகத்தடையோ, சிவப்பு விளக்கோ தெரிந்தவுடன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைக் கியரிலேயே உருளவிடுக. எஞ்சின் சுற்றைக் காட்டும் மானியில் பச்சை நிறத்தால் குறித்த பகுதிக்குள்ளேயே எஞ்சினை வைத்து, எஞ்சின் திணறாத அளவில் மேல் கியருக்கு மாற்றுக. கிளச்சின்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டலாகாது. சந்தையில் இறக்குவதற்குக் காத்திருக்கும் வேளையில் எஞ்சினை நிறுத்திவிடுக. பெரிய லாரி நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 2 லிட்டர் வீணாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது பலருடைய நம்பிக்கை. பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் மலைச்சாலை போன்றவற்றில் இது உயிருக்கே உலை வைக்கும். மேலும், இதில் மிச்சமும் இல்லை. கியரில் இருந்தபடி காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால், எஞ்சினுக்கு டீசல் செல்வது நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினையே நிறுத்திவிடுவது அதனினும் கேடு; ஏர் பிரேக்குக்கு வேண்டிய காற்று நிரம்பாது, ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்னும் பழைய வழக்கமே இன்றும் நல்வழக்கம்.

ஏற்றுவோரின் பொறுப்பு

முன் கூறிய கிராமத்தில் டிரைவரோடு நான் ஒரு நடை சென்றேன். நெடுஞ்சாலையில் வண்டி 80-இல் பறந்தது. “தம்பி, ஏன் இவ்வளவு வேகம்?” என்று கேட்டேன். “ஐயா, நான்கு மணிக்குப் புறப்பட வேண்டிய லோடு ஆறரைக்குத்தான் முடிகிறது. விடிவதற்குள் சந்தைக்குப் போகாவிட்டால் விலை போச்சு என்று திட்டுவார்கள். அந்த இரண்டரை மணியை நான் சாலையில்தானே எடுக்க வேண்டும்?” என்றார்.

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. டிரைவரின் காலை ஆக்சிலேட்டரின்மேல் அழுத்தியது தோட்டத்தில் தாமதித்த நம் கைகளே. மறுவாரம் முதல் பறிப்பை அதிகாலையிலேயே தொடங்கி, பெட்டிகளை நண்பகலுக்குள் ஓரிடத்தில் சேர்த்து, நான்கு மணிக்கு வண்டியை அனுப்பினர். வேகம் தானே குறைந்தது. தக்காளி நசுங்குவதும் குறைந்தது. திரும்பும்போது வெறும் வண்டியாக வராமல் வாடகைச் சரக்கு பிடிக்கவும் டிரைவருக்கு நேரம் கிடைத்தது. அனுமதிக்கு மேல் பாரம் ஏற்றுவதையும் அடியோடு நிறுத்தினர். அதிக பாரம் ஒரு நடைக்கு லாபம்போலத் தோன்றினும், டயர், பிரேக், பட்டை ஆகியவற்றில் அந்த லாபம் திரும்பப் போய்விடும்.

செய்யத் தகாதவை

டீசல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும், டாங்க்கில் மாத்திரை போட்டால் கூடும் என்று விற்போர் உளர். அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகா எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, மிகச் சிலவே சிறிதளவேனும் பயன் தருவதாகக் கண்டது. அப்பணத்தில் ஒரு நல்ல காற்றளவுமானி வாங்கலாம்.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கப்படும் புதிய லாரிகள் பி.எஸ். 6 அளவுக்கு உட்பட்டவை. அவற்றின் புகைக்குழாயிலுள்ள வடிகட்டியைக் கழற்றுவதும், யூரியாக் கரைசல் செல்லும் அமைப்பை ஏமாற்றிவைப்பதும் குற்றமாகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமையாளருக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கலாம். அவ்வடிகட்டி தடுப்பது நம் பிள்ளைகள் சுவாசிக்கும் புகையையே என்பதையும் மறக்கலாகாது.

முடிவுரை

நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அதை மிச்சப்படுத்துவது தேசத்துக்கும் நன்று, குடியானவரின் மடிக்கும் நன்று. அதற்குப் பெரிய முதல் வேண்டுவதில்லை. இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு காற்றளவுமானி ஆகிய இரண்டையும் வாங்கி வண்டியில் வைக்கவும். அடுத்த மூன்று நடையை அளக்கவும். குறை தெரிந்தால் முதலில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கவும். ஆளைச் சந்தேகிப்பது கடைசியில் இருக்கட்டும்.

அக்கிராமத்துக் கூட்டத்தார் அடுத்த கூட்டத்தில் டிரைவரை அழைத்து, அனைவர் முன்னிலையிலும் தம் தவற்றை ஒப்புக்கொண்டனர்; நானும் ஒப்புக்கொண்டேன். மிச்சப்படும் டீசலின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர வேண்டும் என்றும் தீர்மானித்தனர். இப்பொழுது அந்த நோட்டுப் புத்தகத்தை எழுதிவருபவர் அந்த டிரைவரே.